குண்டு விழுந்த ஊருக்கு ஒரு சைக்கிள் சவாரி!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு நல்ல தூக்கத்தில் இருந்தேன். (கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனுக்கு எல்லா நாளும் ஞாயிறுதானே என்று கேட்காதீர்கள். அதைக் கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது.) செல்போன் அலறியது.

"மாப்ள, இங்க ஒரு சிலை இருக்குடா!"

நண்பன். என்னோடு பி.காம். படித்தவன். படிப்பு முடிந்ததும் நான் பேனாவைப் பிடித்தேன். அவன் கம்ப்யூட்டரைப் பிடித்தான். இரண்டு பேரில் யார் புத்திசாலி என்பதற்கு ஒரே ஒரு துப்பு தருகிறேன். அந்த போன் இங்கிலாந்திலிருந்து வந்தது.

கம்பெனி அவனை ஆறு மாசத்துக்கு டெல்ஃபோர்டு என்ற ஊருக்கு அனுப்பியிருந்தது. பக்கத்திலேயே ஷ்ரூஸ்பரி. பழைய சந்தை ஊர். செவர்ன் ஆறு அந்த ஊரை லாடம் போட்ட மாதிரி வளைத்துக்கொண்டு ஓடுகிறதாம். லீவு நாளில் பொழுது போகாமல் அங்கே போனவன், ஊர் நடுவில் ஒரு சிலையைப் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டிருக்கிறான்.

"யாரு சிலை தெரியுமா? நம்ம கிளைவ்!"

"ராபர்ட் கிளைவ் எப்போலேர்ந்துடா உனக்கு நம்மாளு?"

"எங்க ஊர்ல இருந்தவன்டா! தேவனாம்பட்டினம் கோட்டையில. இங்க இந்த ஊருக்கு மேயரா இருந்திருக்கான், எம்.பி.யா இருந்திருக்கான். சிலையை எடுக்கணும்னு கொஞ்ச வருஷம் முன்னாடி பெரிய தகராறாம். எடுக்கல. நிக்குது."

அப்புறம் அவன் சொன்னதுதான் விஷயம். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆனால் வயசானவர்கள்கூட பூட்ஸை மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆற்றோரம், வயல் ஓரம், வேலி ஓரம். பொது நடைபாதை என்று பதிவாகிவிட்டால், நிலம் எந்தப் பிரபுவுடையதாக இருந்தாலும் நடக்கிறவனைத் தடுக்க முடியாது. சட்டம்! ஒரு மாசத்தில் இவனும் செவர்ன் ஆற்றோரம் முழுக்க அளந்துவிட்டான்.

"ஆனா மாப்ள, எங்க ஊர் பெண்ணையாத்தோரம் ஒரு நாள் நடந்ததில்லடா" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவனுடைய ஊர் குண்டு உப்பலவாடி. கடலூருக்கு வடகிழக்கே, தென்பெண்ணை ஆறு கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால். ஆள் முருங்கைக்காய் மாதிரி இருப்பான். ஆனால் ஊர் பெயரை வைத்துக் கல்லூரியில் அவனுக்கு 'குண்டு' என்றுதான் பட்டப்பெயர். மூன்று வருஷம் அப்படிக் கூப்பிட்டோமே, அந்தக் குண்டு என்ன குண்டு என்று ஒரு பயலாவது கேட்டிருப்போமா? ஊஹூம்.

அவன் திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, காலை பஸ்ஸில் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குக் கிளம்பினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் பு.முட்லூர். அங்கே கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1-ம் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய இடம். 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே இரும்பு உருக்காலை வைத்து, கம்பெனி நடத்தி, நஷ்டப்பட்டும் போனார். பி.காம். படித்தவனுக்குப் பரங்கிப்பேட்டை என்றால் போரைவிட அந்த நஷ்டம்தான் ஞாபகம் வருகிறது. என்ன செய்ய!

முதுநகர் தாண்டி, மஞ்சக்குப்பத்தில் இறங்கினேன். நண்பன் இரண்டு சைக்கிளோடு நின்றான். ஒன்று அவனுடைய கியர் சைக்கிள். இன்னொன்று அவன் அப்பாவின் பழைய சைக்கிள். பெல் தவிர எல்லாம் சத்தம் போடும் என்பார்களே, அந்த ஜாதி. எனக்கு எது கிடைத்தது என்று சொல்ல வேண்டுமா?

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் குண்டுக் கதையைக் கேட்டேன். இங்கிலாந்தில் இருந்தபோது ராத்திரி ராத்திரியாகப் படித்திருக்கிறான்.

1690. செஞ்சியில் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். முகலாயப் படை கழுத்தில் கத்தி வைத்திருக்கிறது. பணம் வேண்டும். தேவனாம்பட்டினத்தில் இருந்த சின்னக் கோட்டையை விற்றுவிடத் தயார். வாங்க வந்தவர், சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த எலிஹு யேல்.

இந்த யேல் லேசுப்பட்ட ஆளில்லை. பின்னாளில், 1718-ல், அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், ஒன்பது பொதி சரக்கும், ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் சுமார் 560 பவுண்டு வந்தது. நன்றிக்கடனாகக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். விளம்பரச் செலவில் இதைவிட மலிவான பேரம் உலகத்தில் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அங்கேதான் வேடிக்கை. ஏக்கர் கிடையாது, காணி கிடையாது, வேலி கிடையாது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரைக்கும் நிலம் கம்பெனிக்கு! குறி பார்த்துச் சுடுவதில்லை. பீரங்கி வாயை நன்றாகத் தூக்கி, அதிகபட்ச தூரத்துக்குச் சுடுவது. இதற்காகவே சென்னையிலிருந்து ஒரு பெரிய பித்தளைப் பீரங்கியை அனுப்பி வைத்தார்கள். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது பீரங்கிக்காரனின் கை சாமர்த்தியம் என்று உத்தரவிலேயே ஜாடை காட்டியிருக்கிறார்கள். செப்டம்பர் மாசம் சுட்டார்கள். வட்டத்துக்குள் கடலூர்ப் பட்டணமே வந்து விழுந்துவிட்டது. குண்டு எட்டிய கிராமங்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் நின்றுவிட்டது.

நம்ம ஊர் ரியல் எஸ்டேட்காரர்கள் 'பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம்' என்று நோட்டீஸ் அடிக்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் தாத்தா இந்தப் பீரங்கி.

"கோட்டைக்குப் பேரு செயின்ட் டேவிட். டீ ஆறுது, குடி" என்றான் குண்டு.

செம்மண்டலம் பக்கம் குண்டுசாலை என்றே ஒரு சாலை இருக்கிறது. போர்டில் படித்திருப்பீர்கள், குண்டும் குழியுமான சாலை என்று நினைத்துப் போயிருப்பீர்கள். (அப்படியும் பொருந்தும் காலங்கள் உண்டு.) ஊர்ச் சந்தடி முடிந்து தென்னந்தோப்பு ஆரம்பித்ததும் சைக்கிள் மிதிப்பதே சுகம். ஒரு பக்கம் கத்தரி, மிளகாய்ப் பாத்திகள். ஒரு பக்கம் மனை பிரித்து நட்ட கற்கள். மஞ்சள் பெயின்ட், சிவப்புக் கொடி, வளைவு. வளைவில் எழுதியிருந்த நகரின் பெயர் பூந்தோட்டம் மாதிரி இருந்தது. உள்ளே ஒரு வீடுகூட இல்லை. இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் நண்பன் சைக்கிளை மெதுவாக்கினான்.

"மாப்ள, உன்னைக் கூப்பிட்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அப்பாகிட்ட நீதான் பேசணும்."

விஷயம் இதுதான். ஆற்றோரமாக அவர்களுக்கு அறுபது சென்ட் நிலம். புரோக்கர் வந்து நல்ல விலை கேட்டிருக்கிறார். விற்றுவிட்டு, சென்னையில் இவன் வாங்கும் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்து, அப்பா அம்மாவைக் கூடவே கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இவன் திட்டம். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் வந்தபோது சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்களே, அன்றைக்கு ராத்திரி பெண்ணையாறு கரை மீறி வந்தது. இவன் சென்னையில் உட்கார்ந்து போன் போட்டுப் போட்டு, லைன் கிடைக்காமல், விடியும் வரை தூங்கவில்லை. "அந்த ராத்திரி இன்னொரு தடவை எனக்கு வேணாம்டா" என்றான். அப்பா என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லையாம். மூன்று மாசமாக ஒன்றும் சொல்லவில்லையாம்.

நிலத்தில் அப்பா மண்வெட்டியோடு நின்றிருந்தார். எழுபது வயசு. தலையில் துண்டு.

"வாங்க தம்பி. எழுதறவரு தானே? சைக்கிளு சத்தம் போட்டதா?"

"கொஞ்சம் போட்டதுப்பா."

"போடட்டும். வர்றது தெரியணுமில்ல."

கரைக்கு ஏறினோம். தென்பெண்ணை! கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் எல்லாம் பார்த்துவிட்டு இங்கே வந்து சேருகிறது. நான் பார்த்த அன்று நடுவில் ஒரு கோடு தண்ணீர். மீதி நாணல், மணல், எருமை. இதுவா அன்றைக்கு அப்படி வந்தது என்று நம்ப முடியவில்லை. அப்பா ஒரு தென்னை மரத்தைக் காட்டினார். என் மார்பு உயரத்துக்கு மரத்தில் வண்டல் படிந்த கோடு.

"இந்த ஆத்தை நான் குறை சொல்ல மாட்டேன் தம்பி. பெரிய தண்ணி இதுக்கு முன்னயும் வந்திருக்கு. ராத்திரி ஏறும், மறுநாள் வடிஞ்சிடும். வண்டலைப் போட்டுட்டுப் போவும். மறு வருஷம் கத்திரிக்கா காய்க்கறதைப் பாக்கணுமே! இந்தத் தடவை அஞ்சு நாள் நின்னுது. ஏன் நின்னுது?"

மண்வெட்டியால் அந்த வளைவைக் காட்டினார். ஆடு மேய்ந்துகொண்டிருந்த பூந்தோட்ட நகர்.

"அங்க ஒரு வாய்க்கா இருந்துது. மனை போட்டப்ப மூடிட்டாங்க. இப்ப மீதி இருக்கறது நம்ம நிலத்துல ஓடறது ஒண்ணுதான். எனக்குப் பின்னால ஏழு பேரு நிலம். அத்தனைக்கும் வடிகால் இதான். நான் வித்தா, வாங்கறவன் மொத வேலையா எதை மூடுவான்?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன். பேச வேண்டியவன் நானல்லவா? பி.காம்.மில் 'வருவதைப் பற்று வை, போவதை வரவு வை' என்று சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீர் வந்தால், போனால் எந்தப் பக்கம் எழுதுவது என்று சொல்லித் தரவில்லை.

"வெயில் ஏறதுக்குள்ள கோட்டையைப் பாத்துட்டு வந்துடறோம்ப்பா" என்று நழுவினேன்.

தாழங்குடா வரை போய், கடலோரமாகத் தெற்கே தேவனாம்பட்டினம். மணலில் சைக்கிளை நாங்கள் ஓட்டியதைவிட, சைக்கிள் எங்களை ஓட்டியது என்பதே சரி. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரை முழுக்க என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். இங்கே டிசம்பர் பிறந்தால் வானத்தைப் பார்க்காதவர் கிடையாது.

கோட்டை? கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில். போர்த்திரைப்படத்து அகழி, கொத்தளம் எல்லாம் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். செடி மூடிய செங்கல் சுவர், இடிபாடு. அவ்வளவுதான். ஒரு நிமிஷம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துவிட்டார்கள். அங்கே கம்பெனி ஆபீசில் குமாஸ்தாவாக ஒரு பையன். சம்பளம் வருஷத்துக்கு ஐந்து பவுண்டு. (வாசக குமாஸ்தாக்களே, உங்கள் மேனேஜர் பரவாயில்லை!) அவன் நம்ம ஊர்க்காரன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு தப்பித்து ஓடி வந்து சேர்ந்த இடம் இந்தக் கெடிலக்கரை. இங்கேதான் பேரேட்டை மூடிவிட்டுக் கத்தியை எடுத்தான். பத்து வருஷம் கழித்து, 1756-ல், இதே கோட்டைக்கு அதிகாரியாக வந்தான். இங்கிருந்துதான் வங்காளத்துக்குப் போனான். 1757-ல் பிளாசி. மீதிக் கதை பள்ளிக்கூடப் புத்தகத்தில்.

1746-லிருந்து 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனிக்குத் தலைமையிடமே இதுதான். சென்னை அல்ல, தேவனாம்பட்டினம்! உள்ளூர்த் தறிகளில் நெய்த துணி மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகையிட்டுப் பிடித்தார். கோட்டையை இடித்துத் தள்ளினார். அவருக்கும் நிம்மதியில்லை. தோற்றுப்போய் ஊர் திரும்பியவரை 1766-ல் பாரீஸில் அவர் ராஜாங்கமே தலையை வெட்டியது.

"அங்க சிலை நிக்குது. இங்க சுவரே நிக்கல" என்றான் நண்பன்.

"குண்டு நிக்குதே" என்றேன். "உன் பேருல."

வரும் வழியில் திருப்பாதிரிப்புலியூரைத் தொட்டுக்கொண்டு வந்தோம். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்த்தது என்று சொல்லும் தலம். அந்தக் கதையால் 'கரையேறவிட்டகுப்பம்' என்றே ஒரு இடம். ஒரு பக்கம் கல் மிதந்து ஊருக்குப் பெயர் வந்தது. இன்னொரு பக்கம் குண்டு பறந்து பெயர் வந்தது. கடலூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மத்தியானம் நண்பன் வீட்டில் வஞ்சிரம் குழம்பு. அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுத வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, நீ போன ஊருல ஆறு இருக்குன்னியே. அது ஊருக்குள்ள வராதா?"

"வரும்ப்பா. 2000-ல பெருசா வந்துச்சாம். 2020-லயும். கடைத்தெரு, கார் நிறுத்தற இடமெல்லாம் முங்கிடும்."

"அப்போ அங்க இருக்கறவங்கள்லாம் வித்துட்டுப் போயிட்டாங்களா?"

நண்பன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"இல்லப்பா. தண்ணி வருதுன்னு தெரிஞ்சா ஆத்தோரமா தடுப்புப் பலகையெல்லாம் கொண்டாந்து மாட்டிடுவாங்க. வடிஞ்சதும் கழட்டி வெச்சிடுவாங்க."

"ம்" என்றார் அப்பா. வேறெதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்களை நான் சிதம்பரத்துக்கு வரச் சொன்னேன். அம்மாவுக்கு நடராஜர் தரிசனம் ஆயிற்று. அம்மாவை என் வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் பிச்சாவரம் போனோம். பதினாறு கிலோமீட்டர்தான். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போவாரே, அதே இடம். அப்பா அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்பதைப் படகோட்டியிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சதுப்புக் காடு. சுமார் 1,100 ஹெக்டேர். வாய்க்கால் மேல் இரண்டு பக்கமும் கிளைகள் குனிந்து குகை மாதிரி மூடிக்கொள்கின்றன. தில்லை மரத்தைக் காட்டினார் படகோட்டி. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. பெயர் கொடுத்த மரம் ஊருக்குள் இல்லை; இங்கே வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அடி குறைவு. ஆனால் ஒரு காலத்தில் இந்தக் காட்டிலேயே பெரிய பெரிய மொட்டைத் திட்டுகள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மரத்தை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து, தட்டு மாதிரிப் பள்ளமானது. கடல் தண்ணீர் உள்ளே வந்தது, வெளியே போக வழியில்லை. தேங்கிக் காய்ந்து உப்புப் பூத்தது. போட்ட விதையெல்லாம் செத்தது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையும் கிராமத்துக்காரர்களும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரிச் சின்னச் சின்ன வாய்க்கால்கள். தண்ணீர் வரவும் போகவும் ஆரம்பித்தது. அந்தக் கரையில் நட்ட கன்றுகள்தான் இப்போது பச்சையாக நிற்கின்றன.

இதைச் சொல்லி முடித்ததும் அப்பா படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். எம்.ஜி.ஆரை விட்டுவிட்டார்.

"எத்தினி அடி ஆழம் வெட்டினாங்க?" என்று படகோட்டியைக் கேட்டார். "கரை சரியலையா? சரிவா வெட்டினாங்களா?" அப்படிக் கேள்வி மேல் கேள்வி.

படகு திரும்பும்போது நண்பன்தான் ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா, நம்ம வாய்க்காலைத் தூர் வாரி, ஆறு வரைக்கும் ஒழுங்கா இழுத்துவிட்டா எவ்வளவு ஆகும்?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜேசிபி மணிக்கு ஆயிரத்து இருநூறு கேக்கறான். ரெண்டு நாள் வேலை. பின்னால இருக்கற ஏழு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவாங்க. கேட்டா போடுவாங்க."

"புரோக்கர்கிட்ட பொங்கல் கழிச்சு வரச் சொல்லிடறேன்" என்றான் நண்பன்.

"எந்தப் பொங்கல்னு சொல்லாத" என்றார் அப்பா.

எனக்கு இங்கேயாவது படித்த படிப்பைக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. "இது மூலதனச் செலவா, வருவாய்ச் செலவான்னு பாக்கணும்ப்பா. தூர் வாரறது வருஷா வருஷம் வர்றதால..."

"தம்பி" என்றார். "மொதல்ல ஜேசிபிக்காரன் நம்பர் உங்ககிட்ட இருந்தா குடுங்க."